சட்டம் எங்கே உருவாகிறது, எப்போது நம்மிடம் வருகிறது? சுங்கை சிப்புட் மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேரா மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைக் குலை வெட்டுபவர், பால்மரம் வெட்டி ஓய்ந்தவர், தோட்டத்தை விட்டு டவுன் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியேறியவர் என யாரோடு பேசினாலும் ஒரு கேள்வி வந்துவிடும். “நாடாளுமன்றத்தில் சட்டம் பாஸ் ஆகிவிட்டது என்று பேப்பரில் போட்டார்களே, இங்கே ஏன் இன்னும் ஒன்றும் மாறவில்லை?” நியாயமான கேள்வி. நாடாளுமன்றத்தில் நடக்கும் வாக்கெடுப்பு நடுவில் வரும் ஒரு கட்டம்தான். அதற்கு முன்னால் அமைச்சில் நடப்பதும், பின்னால் அரசிதழில் நடப்பதும்தான் பல நேரம் நம் சம்பளத்தையும் வீட்டையும் தீர்மானிக்கின்றன. நம்மவர்கள் நடுக்கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு இந்த இரண்டு முனைகளையும் விட்டுவிடுகிறார்கள். அதற்காகவே இந்தக் கேள்வி பதில்கள்.

சட்டம் இயற்றுவது யார்? எம்.பி.க்களா, அமைச்சரா, மாமன்னரா?

நம் அரசியலமைப்புச் சட்டப்படி நாடாளுமன்றம் என்பது மூன்றும் சேர்ந்தது: மாமன்னர், மேலவையான டேவான் நெகாரா, மக்களவையான டேவான் ராக்யாட். மக்களவையில் 222 பேர். நாம் ஓட்டுப் போட்டு அனுப்புவது இவர்களை மட்டும்தான். மேலவையில் 70 செனட்டர்கள். அவர்களில் 26 பேரை 13 மாநிலச் சட்டமன்றங்களும் மாநிலத்துக்கு இருவர் என்று தேர்ந்தெடுக்கின்றன; மற்ற 44 பேர் மாமன்னரால் நியமிக்கப்படுகிறவர்கள்.

அமைச்சர் எங்கே வருகிறார் என்றால், கிட்டத்தட்ட எல்லா மசோதாவையும் கொண்டு வருவது அவர்தான். நாடாளுமன்றம் உட்கார்ந்து யோசித்து ஒரு சட்டத்தை எழுதுவதில்லை. அரசாங்கம் எழுதிக் கொண்டு வருவதை அது விவாதித்து, திருத்தி, ஏற்கிறது அல்லது மறுக்கிறது.

அப்படியானால் முதலில் எழுதுவது யார்?

வேலை சம்பந்தப்பட்ட சட்டம் என்றால் மனிதவள அமைச்சு. என்ன மாற்றம் வேண்டும் என்று அமைச்சின் அதிகாரிகள் முதலில் ஒரு கொள்கையை வகுக்கிறார்கள். முதலாளிகள் சங்கம், தொழிற்சங்கங்கள், மற்ற அமைச்சுகள் ஆகியவற்றிடம் கருத்துக் கேட்கிறார்கள். அமைச்சரவை தலையசைத்த பிறகு சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தின் வரைவாளர்கள் அதைச் சட்ட மொழியில் எழுதுகிறார்கள். எழுதிய வரைவு மறுபடி அமைச்சரவைக்குப் போய் வந்த பிறகுதான் நாடாளுமன்றத்தின் வாசலைத் தொடும்.

இந்தக் கட்டத்துக்கு மாதக் கணக்கில், சில சமயம் வருடக் கணக்கில் நேரம் பிடிக்கும். வெளியே சத்தமே இருக்காது. ஆனால் மசோதாவின் எலும்பும் சதையும் இங்கேதான் உருவாகின்றன. இங்கே விட்டுப்போன ஒரு வரியை நாடாளுமன்றத்தில் புதிதாகச் சேர்ப்பது மிகவும் கஷ்டம். தொழிற்சங்கங்களும் அமைப்புகளும் மகஜர் கொடுக்கச் சரியான காலம் இதுதான் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

மூன்று வாசிப்பு என்கிறார்களே, ஒரே மசோதாவை மூன்று தடவை படிப்பார்களா?

இல்லை. முதல் வாசிப்பில் மசோதாவின் பெயர் மட்டும் சபையில் படிக்கப்படும், விவாதம் கிடையாது. மசோதா உறுப்பினர்களின் கைக்கும் பொதுமக்கள் பார்வைக்கும் வருவது இந்த நாளில்தான்.

இரண்டாம் வாசிப்புதான் பெரிய விவாதம். இந்தச் சட்டம் தேவையா, அதன் நோக்கம் சரியா என்று உறுப்பினர்கள் பேசுவார்கள். உங்கள் எம்.பி. தோட்டத் தொழிலாளரைப் பற்றிப் பேசினார் என்று செய்தி வந்தால், பெரும்பாலும் இந்த நேரத்தில் பேசியதாகத்தான் இருக்கும். கடைசியில் அமைச்சர் பதிலளித்து முடிப்பார், வாக்கெடுப்பு நடக்கும்.

அப்புறம் செயற்குழு நிலை. முழுச் சபையும் குழுவாக மாறி, மசோதாவை விதி விதியாக எடுத்துப் பார்க்கும். ஒரு சொல்லை மாற்ற, ஒரு எண்ணைக் கூட்டக் குறைக்க, ஒரு பிரிவை நீக்கத் திருத்தம் கொண்டுவரும் இடம் இதுதான். பத்திரிகைகளில் இதைப் பற்றி அதிகம் வராது. ஆனால் அக்கறையுள்ள ஓர் உறுப்பினர் வேலை செய்கிறாரா என்று தெரிந்துகொள்ள நான் பார்ப்பது இந்தப் பகுதியைத்தான். நன்றாகப் பேசுவது ஒன்று. 13-ஆவது விதியில் இந்தச் சொல் இருந்தால் ஒப்பந்த ஆள்களுக்குப் பாதுகாப்பு கிடைக்காது என்று எடுத்துக் காட்டுவது இன்னொன்று.

மூன்றாம் வாசிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதோடு மக்களவையில் வேலை முடிந்தது. மேலவையிலும் இதே வரிசைதான்.

முதல் வாசிப்புக்கும் இரண்டாம் வாசிப்புக்கும் இடையே சில மசோதாக்களுக்குச் சில நாள்களே கிடைக்கின்றன. அந்தச் சில நாள்களில் ஓர் உறுப்பினர் படித்து, சட்டம் தெரிந்தவரிடம் கேட்டு, தொகுதி மக்களிடமும் கலந்து பேச வேண்டும் என்றால் நடக்கிற காரியமா? முக்கியமான மசோதாக்களை, சில உறுப்பினர்கள் மட்டும் இருக்கும் சிறப்புத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பி நிதானமாக ஆராய்வது நல்ல வழி. அது எல்லா மசோதாவுக்கும் வழக்கமாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எம்.பி.க்கள் எப்படி வாக்களிக்கிறார்கள்? யார் எந்தப் பக்கம் என்று நமக்குத் தெரியுமா?

சாதாரணமாகக் குரல் வாக்குதான். சபாநாயகர் கேட்பார், ஆதரிப்பவர்கள் ‘செத்துஜு’ என்பார்கள், எதிர்ப்பவர்கள் ‘தீடாக்’ என்பார்கள். எது ஓங்கியது என்று சபாநாயகர் அறிவிப்பார். இதில் தனிப்பட்ட எம்.பி. என்ன சொன்னார் என்று பதிவாகாது. 15 உறுப்பினர்கள் எழுந்து நின்று கேட்டால் ‘பெலா பஹாகியான்’ எனப்படும் எண்ணிக்கை வாக்கெடுப்பு நடக்கும். மணி அடித்து வெளியே இருப்பவர்களைக் கூப்பிடுவார்கள், ஒவ்வொருவரின் வாக்கும் பெயரோடு பதிவாகும்.

சபை கூடியிருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, சபாநாயகரைச் சேர்க்காமல் 26 தான். 222 நாற்காலிகளில் பாதி காலியாக இருக்கும் படத்தைப் பார்த்து நம் மக்கள் கோபப்படுவது எனக்குப் புரிகிறது. சட்டப்படி அந்தக் கூட்டம் செல்லும்.

மேலவை ஒரு சட்டத்தை நிறுத்திவிட முடியுமா?

தாமதப்படுத்தலாம், கொல்ல முடியாது. பண மசோதா என்றால் ஒரு மாதம்தான் இழுத்தடிக்க முடியும். மற்ற மசோதாக்களை மேலவை தள்ளிவிட்டால், ஓர் ஆண்டு கழித்து அடுத்த கூட்டத்தொடரில் மக்களவை மறுபடி நிறைவேற்றி அனுப்பலாம். அதற்குப் பிறகு மேலவை ஏற்காவிட்டாலும் மசோதா மாமன்னரிடம் போய்விடும்.

இது ஏட்டில் மட்டும் இருக்கிற விதி அல்ல. 2018 ஏப்ரலில் பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டம் வந்தது. மே மாதம் ஆட்சி மாறியது. புதிய அரசாங்கம் அந்தச் சட்டத்தை ரத்து செய்யும் மசோதாவை ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேற்றியது. முந்தைய அரசாங்கத் தரப்பினர் அதிகமாக இருந்த மேலவை செப்டம்பரில் அதைத் தோற்கடித்தது. மக்களவை ஓர் ஆண்டு பொறுத்திருந்து 2019 அக்டோபரில் மீண்டும் நிறைவேற்றியது. அதன் பிறகு அந்தச் சட்டம் நிலைக்கவில்லை.

மாமன்னர் ஒப்புதல் தராவிட்டால் என்ன ஆகும்?

மசோதா தம்மிடம் வந்த 30 நாள்களுக்குள் மாமன்னர் ஒப்புதல் அளிக்க வேண்டும். அளிக்காவிட்டாலும் அந்தக் கெடு முடிந்ததும் ஒப்புதல் கிடைத்ததாகவே கருதப்பட்டு மசோதா சட்டமாகிவிடும். அரசியலமைப்பின் 66-ஆவது விதி அப்படித்தான் சொல்கிறது.

சரி, எல்லாம் முடிந்தது. அடுத்த நாளே சட்டம் அமலுக்கு வருமா?

வராது. நம் மக்கள் ஏமாந்துபோகும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் சட்டம் அரசிதழில், அதாவது ‘வார்த்தா’வில், வெளியாக வேண்டும். வெளியாகாத சட்டம் அமலுக்கு வராது. அதோடு முடியவில்லை. பெரும்பாலான மசோதாக்களின் முதல் விதியிலேயே ஒரு வரி இருக்கும்: இந்தச் சட்டம் ‘தாரிக் யாங் டித்தெத்தாப்கான் ஓலே மெந்தெரி’யன்று, அதாவது அமைச்சர் நிர்ணயிக்கும் தேதியன்று, அமலுக்கு வரும். அந்தத் தேதியை அமைச்சர் தனியாக அறிவிக்கும் வரை சட்டம் இருந்தும் இல்லாதது மாதிரிதான்.

1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்துக்கு 2022-இல் வந்த திருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகியது, தந்தைக்கு 7 நாள் விடுப்பு வந்தது, வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. இரண்டு அவைகளும் 2022 மார்ச்சிலேயே நிறைவேற்றிவிட்டன. செப்டம்பர் 1-ஆம் தேதி அமல் என்றார்கள். பிறகு தள்ளிப்போட்டு, 2023 ஜனவரி 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. நடுவில் அந்த ஒன்பது மாதங்களில் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்கு, “பேப்பரில் 98 நாள் என்று போட்டிருந்தார்களே” என்று கேட்க மட்டும்தான் முடிந்தது. இந்தத் திருத்தம் தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும்தான். சபா, சரவாக்கில் தனித் தொழிலாளர் சட்டங்கள் உண்டு.

18 வயதில் ஓட்டுரிமை தரும் திருத்தம் இதைவிட நல்ல பாடம். 2019 ஜூலை 16 அன்று மக்களவையில் 211 பேர் ஆதரித்தார்கள், ஒருவர்கூட எதிர்க்கவில்லை. அதே மாதம் மேலவையும் ஏற்றது. அப்புறம் தேதி வரவே இல்லை. இளைஞர்கள் நீதிமன்றம் போனார்கள். 2021 டிசம்பர் 31-க்குள் அமலாக்க வேண்டும் என்று கூச்சிங் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 15 அன்று அமலுக்கு வந்தது. 2022 நவம்பர் பொதுத்தேர்தலில் நம் தமிழ்ப்பள்ளிகளில் படித்து வளர்ந்த 18, 19 வயதுப் பிள்ளைகள் முதல் தடவையாக வரிசையில் நின்றது அதனால்தான்.

குறைந்தபட்சச் சம்பளத்தை நாடாளுமன்றம்தானே முடிவு செய்கிறது?

தொகையை முடிவு செய்வது நாடாளுமன்றம் அல்ல. 2011-இல் நாடாளுமன்றம் தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டத்தை இயற்றியது. அந்தச் சட்டம் ஒரு மன்றத்தை அமைத்து, சம்பளத்தைக் குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பரிசீலித்துப் பரிந்துரைக்கச் சொல்கிறது. பிறகு அரசாங்கம் முடிவெடுத்து, மனிதவள அமைச்சர் ஓர் ஆணையில் கையெழுத்திட்டு அரசிதழில் வெளியிடுகிறார். அவ்வளவுதான். 222 பேரும் கூடி 1,500-ஆ 1,700-ஆ என்று வாக்களிப்பதில்லை. இதைத் துணைச் சட்டம் என்பார்கள். நாடாளுமன்றம் கொடுத்த அதிகாரத்தின் கீழ் அமைச்சர் செய்யும் சட்டம் இது.

2013-இல் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி (ரிங்கிட்) என்று தொடங்கியது, 2022 மே மாதம் 1,500 ஆனது. 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 வெள்ளி. ஐந்துக்கும் குறைவான ஆள்களை வைத்திருக்கும் முதலாளிகளுக்கு மட்டும் ஆகஸ்ட் வரை அவகாசம் கொடுத்தார்கள்.

தோட்டத்தில் இருப்பவர்கள் அந்த ஆணையில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். டன் கணக்கு, வேலைக் கணக்கு, கமிஷன் என்று சம்பளம் வாங்குகிறவருக்கும் மாதச் சம்பளம் 1,700 வெள்ளிக்குக் குறையக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. குலை டன்னுக்கு இவ்வளவு என்று கூலி பேசினாலும் அந்த அடித்தளம் அப்படியே இருக்கும். “உனக்கு டன் கணக்குத்தானே, அந்தச் சட்டம் உனக்கு இல்லை” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள்.

தோட்டத்து வீடு, நிலம், கோயில், சுடுகாடு: இதற்கெல்லாம் எம்.பி.யா, சட்டமன்ற உறுப்பினரா?

நம் ஊரில் தவறான கதவைத் தட்டியே பல வருடங்கள் போயிருக்கின்றன, அதனால் இது முக்கியம். கூட்டரசு, அதாவது மத்திய அரசாங்கம், எதில் சட்டம் இயற்றலாம், மாநிலம் எதில் இயற்றலாம் என்று அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை பிரித்து வைத்திருக்கிறது.

வேலை, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), கல்வி, குடியுரிமை ஆகியவை கூட்டரசின் கையில். நிலம், ஊராட்சி மன்றம், சுடுகாடு, சந்தை ஆகியவை மாநிலத்தின் கையில். சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதிக்குள் லிந்தாங், ஜாலோங் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. அந்த இரண்டு தொகுதிகளின் உறுப்பினர்களும் ஈப்போவில் கூடும் 59 உறுப்பினர் கொண்ட பேரா சட்டமன்றத்தில் இருப்பவர்கள். அங்கே மேலவை கிடையாது. ஒரே அவை, பிறகு சுல்தானின் ஒப்புதல்.

தோட்டத்தில் குடியிருக்கும் வீடு ஒழுகுகிறது, தண்ணீர் வரவில்லை, ஆயாக் கொட்டகை இல்லை என்றால் அது கூட்டரசுச் சட்டம். 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம், தோட்ட முதலாளி தரும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. 2019-இல் திருத்தப்பட்டு 2020-இல் அமலுக்கு வந்த பிறகு தோட்டத்துக்கு வெளியே மற்றத் துறைகளுக்கும் அது விரிந்தது. கோயில் நிற்கும் நிலத்துக்குப் பட்டா வேண்டும், பள்ளிக்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்றால் அது மாநில அரசாங்கம். தமிழ்ப்பள்ளியின் ஆசிரியரும் பாடத்திட்டமும் புத்ராஜெயாவில், அதாவது கூட்டரசிடம், அந்தப் பள்ளி நிற்கும் மண் மாநிலத்தில். இதனால்தான் ஒரே பள்ளியின் பிரச்சினைக்கு இரண்டு பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1950-களின் கடைசியில் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்று, நம் மக்கள் வேலையும் வீடும் சேர்த்து இழந்தார்கள். அந்த நேரத்தில் இந்தத் தொகுதியின் எம்.பி.யாகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன் சட்டம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் பணத்திலேயே தோட்டங்களை வாங்க வைத்தார். நிலம் என்று வரும்போது ஒரு கூட்டரசு அமைச்சரின் கை எவ்வளவு தூரம் நீளும் என்று யோசிப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

அரசியலமைப்பையே மாற்ற எத்தனை பேர் வேண்டும்?

மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு. மக்களவையில் 148 பேர். வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு போதாது. வராதவரும் நடுநிலை வகிப்பவரும் எதிர்த்ததற்குச் சமம்தான். 2019 ஏப்ரலில் சபா, சரவாக் நிலை குறித்த திருத்தத்துக்கு 138 பேர் ஆதரவு, 59 பேர் நடுநிலை. பத்து ஓட்டில் விழுந்தது. 2021 டிசம்பரில் வேறு வடிவில் வந்தபோது 199 பேர் ஆதரித்தார்கள்.

குடியுரிமை போன்ற சில பகுதிகளைத் தொட மலாய் ஆட்சியாளர் மன்றத்தின் சம்மதமும் வேண்டும். சிவப்பு ஐசியோடும் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி அடையாள அட்டை) பத்திரமே இல்லாமலும் வாழ்பவர்கள் நம் தோட்டங்களில் உண்டு. அதனால் 2024-இல் வந்த குடியுரிமைத் திருத்தத்தை நாம் கவனமாகப் பார்க்க வேண்டியிருந்தது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்களுக்கு அது நல்ல செய்தி. ஆனால் கைவிடப்பட்ட குழந்தைகளின் உரிமையைப் பாதிக்கும் பகுதியும் முதலில் அதில் இருந்தது. பல அமைப்புகள் எதிர்த்ததால், மசோதா மார்ச்சில் தாக்கலாவதற்கு முன்பே அரசாங்கம் அந்தப் பகுதியைக் கைவிட்டது. சொன்னேனே, முன்னால் உள்ள முனை என்று, அது இதுதான்.

நம் எம்.பி. தனியாக ஒரு மசோதா கொண்டுவர முடியாதா?

முடியும். தனி உறுப்பினர் மசோதாவுக்கு வழி இருக்கிறது. ஆனால் அரசாங்க அலுவல்களுக்கே முன்னுரிமை என்பதால் அது விவாதத்துக்கு வருவது மிக அரிது. வரி, செலவு சம்பந்தப்பட்டதை அமைச்சர் மட்டும்தான் கொண்டுவர முடியும். அதற்காக எம்.பி. சும்மா இருக்க வேண்டியதில்லை. அமைச்சரிடம் கேள்வி கேட்கலாம், செயற்குழு நிலையில் திருத்தம் முன்மொழியலாம், பொதுமக்களின் மனுவைச் சபையில் வைக்கலாம்.

நீதிமன்றம் ஒரு சட்டத்தைத் தள்ளிவிட முடியுமா?

அரசியலமைப்புக்கு முரணாக இருந்தால் முடியும். இந்த நாட்டில் உச்சமானது நாடாளுமன்றம் அல்ல, அரசியலமைப்பு. நான்காவது விதி அதைத் தெளிவாகச் சொல்கிறது.

மசோதா மலாயில் இருக்கிறது, சட்ட மொழி வேறு. நான் எப்படிப் படிப்பது?

கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு மசோதாவின் முடிவிலும் ‘ஹுராயான்’ என்று ஒரு பகுதி இருக்கும். எந்த விதி என்ன செய்கிறது என்பதைப் பத்தி பத்தியாக எளிய மலாயில் அதில் விளக்கியிருப்பார்கள். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் அரை மணி நேரத்தில் படித்துச் சொல்லிவிடும். அதற்குக் கீழே ‘இம்ப்லிகாசி கெவாங்கான்’ என்ற தலைப்பில் அரசாங்கத்துக்குச் செலவு உண்டா என்று இருக்கும். அப்புறம் முதல் பக்கத்துக்கு வந்து, அமல் தேதி பற்றிய வரியைப் பாருங்கள். இந்த மூன்றையும் பார்த்துவிட்டால், வாட்சப்பில் வரும் செய்தி மெய்யா பொய்யா என்று நீங்களே சொல்லிவிடலாம். மசோதாக்களும், சபையில் பேசியதை வரிக்கு வரி பதிவு செய்யும் ஹன்சார்டும் நாடாளுமன்ற இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

எங்கள் குரலை எப்போது, எப்படிச் சேர்ப்பது?

ஒரு சட்டம் திருத்தப்படப் போகிறது என்று அமைச்சர் பேசிய செய்தி வந்த அன்றே தொடங்குங்கள். மசோதா தாக்கலாகும் வரை காத்திருக்க வேண்டாம். எங்கள் பிரச்சினை இது, சட்டத்தில் இந்த இடத்தில் இந்த மாற்றம் வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதுங்கள். பத்து கோரிக்கையை அடுக்குவதைவிட ஒன்றைத் தெளிவாகக் கேட்பது மேல். சம்பளச் சீட்டு, வீட்டின் படம், அதிகாரி கொடுத்த கடிதம் என்று கையில் இருக்கும் ஆதாரத்தின் நகலைச் சேருங்கள். அமைச்சுக்கு ஒன்று, எம்.பி. சேவை மையத்துக்கு ஒன்று, உங்கள் தொழிற்சங்கத்துக்கு ஒன்று கொடுத்து, மூன்று இடத்திலும் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

மசோதா தாக்கலானதும் எம்.பி.யிடம் போய், செயற்குழு நிலையில் எந்த விதியில் பேசப் போகிறீர்கள் என்று கேளுங்கள். நிறைவேறிய பிறகு, அமல் தேதி எப்போது என்று மக்களவையில் அமைச்சரிடம் கேட்கச் சொல்லுங்கள். பதில் எழுத்தில் வந்தால் ஒரு நகல் வாங்கிக் கோயில் மண்டபத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கூடும் இடத்துக்கு, போகிறவர்கள் படித்துவிட்டுப் போகட்டும்.